இழுக்கிற கால்

பிசினை ஊற்றி முடித்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

யுவராணியின் இரண்டு கைகளிலும் கையுறை, கையுறை முழுக்கப் பிசின். அம்மாவின் துண்டுக்காலைப் பார்த்து வார்த்த பிளாஸ்டர் அச்சு வைஸ் இடுக்கியில் தலைகீழாகப் பூட்டியிருந்தது. அதன்மேல் கறுப்புக் கார்பன் துணி. துணிக்கு மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு உறை. உறைக்குள் ஊற்றிய பிசினைக் கையால் வழித்து வழித்துத் துணியின் இழைகளுக்குள் இறக்க வேண்டும். அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் கலந்தாகிவிட்டது. இன்னும் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் ஒரு குமிழ் மிஞ்சினாலும் அந்த இடத்தில் காற்று கசியும். காற்று கசிந்தால் கால் நிற்காது.

"யுவா, ஃபோன் அடிக்குது பாரு," என்றார் பட்டறை முதலாளி ஜனார்த்தன், சாணை மெஷின் பக்கமிருந்து. மேசையில் கிடந்த ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மான்னு வருது," என்றார்.

"அடிக்கட்டும் சார். காலு லூசா இருக்குன்னு சொல்லும். வேற என்ன சொல்லப் போவுது."

அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. உறைக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் அடியில் இரைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, முட்டிப் பக்கம் வரும் வளைவில் நின்றுபோன ஒரு பொட்டுக் குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கீழே கொண்டுவந்தாள். அது வருவதாகவே இல்லை. மூன்றாவது முறை ஃபோன் அடித்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. உனக்காகத்தானே இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், செத்த நேரம் பொறுக்க மாட்டியா என்று நினைத்தாள்.

இது அம்மாவுக்கு அவள் செய்யும் ஐந்தாவது சாக்கெட். துண்டுக்கால் போய் உட்காருகிற கிண்ணத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். ராஜபாளையத்தைச் சுற்றி இருபது ஊர்களில் அவள் செய்த சாக்கெட்டுகளோடு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். சோழபுரத்தில் ஒருவர் அதோடு வயலில் மருந்தடிக்கிறார். தளவாய்புரத்தில் ஒரு தையல்காரர் அதே காலால் மெஷின் மிதிக்கிறார். வெள்ளைத்தாய்க்கு மட்டும், அவளைப் பெற்றவளுக்கு மட்டும், கால் நிற்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா வேலை பார்த்த கழிவுப் பஞ்சு மில்லில் மெஷின் பெல்ட்டில் சேலை மாட்டி, சேலையோடு காலும் போயிற்று. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். யுவராணி செயற்கைக்கால் படிப்புக்குப் போனதே அதற்குப் பிறகுதான். அப்பா ஏற்கெனவே இல்லை. அண்ணன் வேலுசாமிதான் படிக்க வைத்தான். அவள் படித்துவிட்டு வரும்வரை அம்மா தொடையில் தோல்வார் போட்டுக் கட்டுகிற பழைய காலோடு நடந்தாள். வார் பட்ட இடமெல்லாம் புண். தொடை சூம்பிப் போயிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் யுவராணி அந்த வாரை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேக்குவம் காலைச் செய்தாள்.

வாரும் கிடையாது, பக்கிளும் கிடையாது. சாக்கெட்டின் அடியில் ஒரு வால்வு. மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் காற்று அது வழியாக வெளியே போகும், திரும்ப வராது. மேலே தொடைவரை ஏற்றிவிடும் ரப்பர் உறை வாயை மூடிக்கொள்ளும். காற்றில்லாமல் போன இடம் காலைக் கவ்விப் பிடிக்கும். பட்டறையில் மாட்டிப் பார்க்கும்போது நாலு சாக்கெட்டும் கவ்வின. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போனால், மறுநாள் ஃபோன் வரும்: "லூசா இருக்குட்டி. லொடலொடங்குது."

வால்வை மாற்றினாள். ரப்பர் உறையை மாற்றினாள். சாக்கெட்டை வாளித் தண்ணீரில் முக்கி, காற்றை அடித்து, குமிழ் வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் வராது. மூன்றாவது சாக்கெட்டை அம்மாவின் கண்முன்னாலேயே சுவரில் விட்டெறிந்தாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "எனக்கு அந்தப் பழைய பெல்ட்டுக் காலே போதும்னுதான சொன்னேன்," என்றாள். "பேசாம இரு," என்றாள் யுவராணி. அம்மா பேசாமல் இருந்தாள்.

இந்த ஐந்தாவதில் வால்வோடு சின்ன பம்ப் ஒன்றையும் சேர்த்திருந்தாள். முன்னதைவிட இரண்டு மடங்கு இழுக்கும். இனிமேல் எப்படி லூசாகிறது என்று பார்த்துவிடலாம்.

பிசின் இறுகிச் சூடு ஏறியது. அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள். அம்மாவின் எண்ணிலிருந்து ஐந்து அழைப்பு. அண்ணனிடமிருந்து இரண்டு. கூப்பிட்டதும் மதினி சிவரஞ்சனிதான் எடுத்தாள்.

"யுவராணி, அத்தைக்கு நெஞ்சு வலின்னு சொன்னாவ. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம். வேர்த்து ஊத்துது. நீ வந்துரு."

யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். டிரைவர் கையை வெளியே நீட்டி, போ என்றும் காட்டவில்லை, நில் என்றும் காட்டவில்லை. பாதி தூரம் வந்திருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

"எங்கட்டி வார?"

"வந்துட்டே இருக்கேன். எந்த ஆஸ்பத்திரிண்ணே?"

அண்ணன் பக்கம் இரைச்சலாக இருந்தது. பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தம் கேட்டது.

"நீ வீட்டுக்கே வந்துரு," என்றான்.

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். லாரி தூரத்தில் போய்விட்டிருந்தது. ரோடு இப்போது காலியாகக் கிடந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை முன்னறையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தது. ஃபேனை நிறுத்தவா ஓடவிடவா என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று அவள் செய்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஏன் ஃபோனை எடுக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவளே மதினியிடம் கேட்டாள். "என்னயக் கேட்டாவளா?"

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ராணிக்குப் போடுன்னாவ. போட்டேன். நீ எடுக்கல. இன்னும் ஒருக்கா போடுதேன் அத்தேன்னேன். 'வேலையா இருப்பா, விடு'ன்னுட்டாவ. பொறவும் நான்தான் போட்டுக்கிட்டே இருந்தேன்."

யுவராணி தலையை ஆட்டினாள். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மூன்று மணிவாக்கில் ஆண்கள் நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். அம்மாவைக் குளிப்பாட்டப் பின்பக்கம் சேலைகளைக் கட்டி மறைத்தார்கள். அம்மாவின் தங்கை சுடலைமாடத்தி தளவாய்புரத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பிடிக் கழட்டணும்? ஏட்டி ராணி, இங்க வா. ஒனக்குத்தான் தெரியும்," என்றாள்.

யுவராணி மண்டியிட்டு உட்கார்ந்தாள். சாக்கெட்டின் அடியில் இருந்த வால்வை அழுத்தினாள். அழுத்தினால் காற்று 'உஸ்' என்று உள்ளே போக வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் அதுவரைக்கும் உள்ளே வெற்றிடம் இருந்தது என்று அர்த்தம்.

சத்தமே வரவில்லை.

இன்னொரு முறை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. அவளுக்குள் மத்தியானத்திலிருந்து சும்மா கிடந்தது எல்லாம் அப்போதுதான் பொங்கியது. கடைசி நாளில்கூடக் கசிந்திருக்கிறது. செத்துப்போகிற அன்றைக்கும் அம்மா லொடலொடத்த காலோடுதான் அடுப்படியில் நின்றிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பர் உறையைத் தொடையிலிருந்து சுருட்டிக் கீழே தள்ளினாள்.

உறைக்கு அடியில் ஒரு நாடா இருந்தது.

பாவாடை நாடா. ஒரு முழ நீளம் இருக்கும். தொடையின் பின்பக்கம் நேராக இறங்கி, உறைக்கு உள்ளே போய், சாக்கெட்டின் உள்சுவரை ஒட்டி அடிவரைக்கும் போயிருந்தது. மேல் நுனி உறையின் விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. உடுத்தும்போது தவறிப்போய் மாட்டியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். இழுத்தாள். நாடா வந்தது. அது கிடந்த இடத்தில், தொடையின் தோலில் அதே அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. கறுத்து, காய்ப்பேறி, ஒரே கோடாக. ஒருநாள் இரண்டு நாளில் விழுகிற தடம் இல்லை அது.

நாடாவை அவள் விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்தி நாடா. அதன் வழியே காற்று தாராளமாகப் போகும், வரும். எந்த வால்வு வைத்தாலும், எந்த உறையைப் போட்டாலும், இந்த ஒரு முழ நாடா இருக்கும்வரை சாக்கெட் கவ்வாது.

"இது என்னது மதினி?"

சிவரஞ்சனி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். சுடலைமாடத்தியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"அது அத்தை வச்சுக்கிடுவாவ."

"எப்பயிருந்து?"

"மொதக் காலு வந்ததுலயிருந்தே. காலையில கால மாட்டையில வச்சுக்கிடுவாவ. ஒன் பட்டறைக்கு வாரன்னிக்கு மட்டும் எடுத்துப் பர்சுக்குள்ள போட்டுக்கிட்டு வருவாவ. திரும்பி வரையில ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுக்குள்ள போயி மறுபடி வச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுவாவ. நான் வெளிய பையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"எதுக்கு?"

"இழுக்குதுன்னு."

யுவராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"மில்லுல அன்னிக்குப் பெல்ட்டு இழுத்துச்சுல்ல. அதே மாதிரி இழுக்குதாம். ஒவ்வொரு எட்டு வைக்கையிலயும் உள்ள கூட்டிட்டுப் போற மாதிரியே இருக்குன்னாவ. கொஞ்சம் காத்துப் போனாத்தான் அந்தப் பயம் இல்லையாம்." மதினியின் குரல் தாழ்ந்தது. "காலு லொடலொடத்தாலும் சரி, அது தேவலன்னாவ. லூசுன்னு சொன்னா நீ பழையபடி பெல்ட்டுக் காலே செஞ்சு குடுத்துருவன்னும் பாத்தாவ."

"என்கிட்ட ஏன் மதினி சொல்லல? நாலு சாக்கெட்டு. ரெண்டு வருசம். தண்ணிக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். மதினியின் முகத்தில் ஏதோ இருந்தது.

"சொன்னாவளே," என்றாள் சிவரஞ்சனி. "ஒங்கிட்ட ரெண்டு தடவ சொன்னாவளாம். இழுக்கத்தான்மா செய்யும், அதான் அதுக்கு வேலையேன்னு சொல்லிட்டியாம். பொறவு நாடா வைக்கதச் சொல்லுவோமா அத்தேன்னு நான்தான் கேட்டேன். வேணாம், திட்டுவான்னுட்டாவ. அதோட, எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் செய்யுதா, சொன்னா மனசு விட்டுப் போயிரும்னு சொன்னாவ. நானும் விட்டுட்டேன்."

அம்மா சொன்னதுதான். முதல் சாக்கெட்டை மாட்டிய அன்றைக்கே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "இழுக்குதுட்டி," என்றாள். இரண்டாவதிலும் சொன்னாள். யுவராணி இரண்டு முறையும் சந்தோஷப்பட்டாள். இழுத்தால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். நோட்டில்கூட எழுதி வைத்தாள், சக்‌ஷன் நல்லா இருக்கு என்று.

சுடலைமாடத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தண்ணி ஆறிப் போவுது," என்றாள்.

குளிப்பாட்டினார்கள். சாக்கெட்டையும் உள்ளே போட்டிருந்த சிலிக்கான் உறையையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, யுவராணியே அந்தத் துண்டுக்காலைக் கழுவினாள். எத்தனையோ முறை அளவெடுத்த கால். நுனியிலிருந்து ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் சுற்றளவு அவளுக்கு மனப்பாடம். பின்பக்கத் தொடையில் அந்தக் கறுத்த கோடு மட்டும் எந்த அளவிலும் வந்ததில்லை. அளவெடுப்பதெல்லாம் முட்டிக்குக் கீழேதான். அம்மாவும் சேலையை முட்டிவரைக்கும்தான் தூக்குவாள், ரப்பர் உறையைத் தொடைக்கு அவளேதான் ஏற்றிக்கொள்வாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கோடு போகவில்லை. அது போகாது என்று தெரிந்தும் தேய்த்தாள்.

இடையில் ஃபோன் நடுங்கியது. போனவள் திரும்பி வராததால் ஜனார்த்தன் ஒரு படம் அனுப்பியிருந்தார். சாவுச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அச்சிலிருந்து உறையை உரித்து எடுத்த ஐந்தாவது சாக்கெட், கறுப்பாகப் பளபளவென்று. கீழே எழுதியிருந்தார்: 'ஒரு குமிழ்கூட இல்ல யுவா. நீ செஞ்சதுலயே இதுதான் பெஸ்டு. நாளைக்கு அம்மாவ வரச் சொல்லு.'

அவள் ஃபோனை அணைத்தாள்.

*

புதுச்சேலை உடுத்தி, மாலை போட்டு, பெஞ்சில் திரும்பக் கிடத்திய பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. வாசலில் பாடை தயாராக இருந்தது. அண்ணன் மொட்டையடித்துவிட்டு ஈரவேட்டியோடு உள்ளே வந்தான். அம்மாவின் சேலை ஒரு பக்கம் தட்டையாக அமுங்கிக் கிடப்பதைப் பார்த்தான்.

"காலு எங்க?"

"கழட்டியாச்சு," என்றாள் யுவராணி.

"மாட்டி விடு."

"வேணாம்ண்ணே."

"வேணாமா?" அவன் குரல் உயர்ந்தது. "ஒத்தக் காலோடயா கொண்டுபோகச் சொல்லுத? ரெண்டு வருசமா அந்தக் காலு அந்தக் காலுன்னு அவியள நிம்மதியா இருக்க விடல நீ. பஸ்ஸுக்கும் பட்டறைக்குமா இழுத்தடிச்ச. இன்னிக்கு வேணாமா?"

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சுடலைமாடத்தி அவன் தோளைத் தொட்டாள். "வேலு, விடுப்பா." பிறகு யுவராணியின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "எங்கக்கா அந்தக் காலு இல்லாம வாசப்படி தாண்டுனதில்லட்டி. யார் முன்னாடியும் அப்பிடி நின்னதில்ல. இன்னிக்கு ஊரே பாக்குது."

அது சரிதான். அம்மா பால்காரர் வந்தால்கூட காலை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள்.

யுவராணி பின்பக்கம் போய்ச் சாக்கெட்டை எடுத்தாள். செத்த நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு வால்வை விரலால் பிடித்துத் திருகினாள். இறுகிப்போயிருந்தது. சேலை முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். நகம் பெயர்வதுபோல வலித்தது. மூன்றாம் திருகில் அசைந்தது. வால்வு கழன்று கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. சாக்கெட்டைத் தூக்கி, வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஓட்டையில் ஊதிப் பார்த்தாள். காற்று தடையில்லாமல் போய் உள்ளங்கையில் பட்டது.

உள்ளே வந்து சிலிக்கான் உறையையும் ரப்பர் உறையையும் தொடாமல் ஒதுக்கினாள். அம்மாவின் பீரோவில் இருந்த பழைய வாயில் சேலையைக் கிழித்து, துண்டுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அதன்மேல் சாக்கெட்டை மாட்டினாள். அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்தது.

"தூக்கையில கழண்டு விழுந்துரும்," என்றான் அண்ணன். கோபம் இறங்கியிருந்தது.

"விழாது."

மதினியிடம் கை நீட்டினாள். மதினி கேள்வி கேட்காமல் உள்ளே போய், அம்மாவின் பாவாடை ஒன்றிலிருந்து முழு நாடாவையும் உருவிக்கொண்டு வந்தாள். யுவராணி அதை முட்டிக்கு மேலே ஒரு சுற்று, சாக்கெட்டின் கழுத்தில் ஒரு சுற்று கொடுத்துக் கட்டினாள். கட்டிய பிறகு நாடாவுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போனது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். இப்போது இரண்டு விரல் போனது.

சேலையை இழுத்து மூடினாள். கீழே இரண்டு பாதங்களும் சமமாகத் தெரிந்தன.

"தூக்கலாமா?" என்று வாசலிலிருந்து கேட்டார்கள்.

அவள் விலகி நின்றாள். தூக்கினார்கள். கால் விழவில்லை. முட்டுச்சந்து குறுகலானது. திருப்பத்தில் பாடையைச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. "பாத்து, பாத்து," என்று அண்ணன் சொல்வது கேட்டது. பிறகு சங்குச் சத்தம் பெரிய தெருவுக்குப் போய்ச் சன்னமாகிக்கொண்டே வந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி பெஞ்சை நிமிர்த்தி வைத்தாள். ஒருத்தி அடுப்படியில் காலையில் அம்மா பாதி அரிந்து வைத்திருந்த கத்தரிக்காயை எடுத்து வெளியே கொட்டினாள். ஒவ்வொருவராகப் பின்பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

யுவராணி கடைசியாகப் போனாள். சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். சுடலைமாடத்தி குடத்தில் மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். தண்ணீர் ஜில்லென்று இறங்கியது. அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"போதுமாட்டி?"

"ஊத்துங்க சித்தி."

இரண்டாவது குடம் ஊற்றினாள். யுவராணி முகத்தைத் துடைக்கவில்லை. குனிந்தபடியே இருந்தாள்.

"தொட்டியில அடித்தண்ணிதான் கெடக்கு. இனி குழாயில நாளைக்குத்தான் வரும்."

யுவராணி கல்லைவிட்டு எழவில்லை. சுடலைமாடத்தி அவள் முதுகைப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குள் நன்றாகக் குனிந்து, குடத்தைச் சாய்த்துப் பிடித்து, சிமெண்டில் உரசும் சத்தத்தோடு மிச்சம் இருந்ததை மொண்டாள்.